ஓரிக்கு விழா, பளியருக்கு வழக்கு

ஜேடர்பாளையம் படுகை அணையில் குளியல், கரையில் மீன் வறுவல், மறுநாள் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலை ஆகாய கங்கை. நாமக்கல் பக்கத்தில் விடுமுறை என்றால் பலருக்கும் இதுதான். ஆடி 17, 18-இல் போனால் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவையும் பார்க்கலாம். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தியவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடிய வள்ளல் அவன். அந்த உடும்பை இன்று ஒரு பழங்குடி பிடித்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு. வேட்டையின் நினைவுக்கு விழா எடுக்கிறோம்; வேட்டையாடி வாழ்ந்தவரைக் குற்றவாளி ஆக்குகிறோம். சூழல் சுற்றுலா இந்த முரணுக்குள்தான் நுழைகிறது.

கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் உழவர்கள். அவர்களுக்கு வரும் கூட்டம் தொல்லையானாலும் நிலம் கையில் இருக்கிறது. தேன், கிழங்கு, சிறு வேட்டை என்று காட்டையே நம்பி வாழ்ந்த பளியர், காடர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிகளுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அவர்களை வைத்துத்தான் இந்தச் சுற்றுலாவை எடைபோட வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். தமிழக எல்லையை ஒட்டிய தேக்கடியில், பெரியாறு புலிகள் காப்பகத்தில், 1996-இல் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. காட்டில் பட்டை உரித்துத் திருட்டுத்தனமாக விற்று வந்தவர்கள் வழிகாட்டிகளானார்கள். பளியர், மன்னான் பழங்குடி இளைஞர்கள் பயணிகளைக் காட்டு நடைக்கு அழைத்துப் போகிறார்கள். காவல் ரோந்திலும் நிற்கிறார்கள். காட்டை அறிந்தவன் என்பதற்காகவே ஒருவனுக்குச் சம்பளம் கிடைக்கிறது. புலிக் காலடியைக் கண்டு அது போன திசையைச் சொல்லும் அறிவு, எஸ்டேட் கூலி வேலையில் யாருக்கும் வேண்டாத சரக்கு. இங்கே அதற்கு மதிப்பு. வனத்துறையும் பழங்குடியும் எதிரெதிரே நின்ற இடத்தில் சேர்ந்து நடக்க வழி பிறந்தது சிறிய சாதனை அல்ல.

குறை எங்கே? எந்தப் பாதை, எத்தனை பேர், என்ன கட்டணம் என்ற முடிவுகள் பெரும்பாலும் துறையின் கையில். பழங்குடி அந்தக் காட்டில் பணியாள். அவர்களின் அறிவும் தேய்கிறது. காடர் கிழங்கு தோண்டும்போது தலைப்பகுதியைக் கொடியோடு குழியிலேயே விட்டு மண் மூடுவார்கள். அடுத்த பருவத்துக்கு அது மறுபடி கிழங்கு வைக்கும். இந்த அறிவு தோண்டத் தோண்டத்தான் வாழும். தோண்டத் தடை போட்டுவிட்டு, பயணிகள் முன் அதை வாயால் விளக்கச் சொன்னால் ஒரு தலைமுறையில் அது மனப்பாடமாகிவிடும். பயணிகளுக்காக மாலையில் அரங்கில் ஆடும் பழங்குடிக் கூத்துக்கும் இதே கதிதான். வருமானமும் நிலையானதல்ல: 2020 ஊரடங்கில் காப்பகங்களின் கதவு மூடியதும் வழிகாட்டியின் நாள்கூலி நின்றது.

இந்தச் சுற்றுலாவின் கொடிய முகம் அந்தமானில். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (பழைய போர்ட் பிளேர்) பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்குப் போகும் பெருவழிச்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் நடுவே ஓடுகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அதில் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் உண்டு. டிக்கெட் குகைக்கு, கண்ணெல்லாம் சாலையோரத்தில். அந்தச் சாலையைக் காப்பகப் பகுதியில் மூடும்படி உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட்டும் வண்டிகள் நிற்கவில்லை. உணவு காட்டி ஜாரவா பெண்களை ஆடச்சொன்ன காணொளி 2012-இல் உலகத்தையே கூசவைத்தது. 2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் நானூறு பேர்கூட இல்லை. 1999-இலும் 2006-இலும் தட்டம்மை தாக்கியது. அத்தனை சிறிய இனத்துக்கு ஒரு வண்டிப் பயணியின் இருமலே ஆபத்து. குகைக்குப் போவதற்குச் சூழல் சுற்றுலா என்று பெயர் சூட்டினாலும் அந்த வழி மனிதக் காட்சிசாலைதான்.

தேக்கடியையும் பாராடாங்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒன்றில் பழங்குடி கூலி வாங்கும் பங்காளி, மற்றதில் பார்வைப் பொருள். இரண்டிலும் இல்லாதது ஒன்றே: வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வேட்டையை விலக்கி வைத்தாலும், தேன், கிழங்கு போன்ற சிறு வனப்பொருள்களின் உரிமையையும், காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமையையும் கிராம சபையிடம் தந்திருக்கிறது. அந்தச் சபை எங்கே இயங்குகிறதோ அங்கேதான் சுற்றுலாவுக்கு நியாயம் பிறக்கும். தேன் பருவத்தில் பாதையை மூடவும், கூத்தைத் தங்கள் திருவிழாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும் அவர்களால் அப்போது முடியும்.

நம் வயற்காட்டு மொழியில் சொன்னால், சுற்றுலா ஊடுபயிராக இருக்கலாம்; முதற்பயிர் வன உரிமை. முதற்பயிரை அழித்துவிட்டு ஊடுபயிரில் வரும் காசைக் காட்டி வளர்ச்சி என்று சொல்வதை ஏற்க முடியாது. அடுத்த முறை வனச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்யும்போது கட்டணத்தில் எவ்வளவு அந்தக் குடியிருப்புக்குப் போகிறது, பாதையை மூடும் உரிமை யாரிடம் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.