விடை தராத புத்தகங்கள்

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் போன மாதம் கேட்டான்: "சார், கிரியேட்டிவா யோசிக்க ஏதாவது ஒரு புக் சொல்லுங்களேன்." என் மேஜையில் அந்த வகைப் புத்தகங்கள் எப்போதும் கிடக்கும், அதனால்தான் என்னிடம் வந்தான். வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. பதினைந்து வருஷமாக வாங்கிப் படிக்கிறேன். ஆனால் "இதைப் படித்ததால்தான் இதைச் செய்தேன்" என்று காட்ட ஒன்றுகூட இல்லை. படிக்கும்போது ஒரு சுறுசுறுப்பு வரும், ரெண்டு நாளில் வடிந்துவிடும்.

"நாளைக்குச் சொல்றேன்ப்பா" என்று தப்பித்தேன். அந்தச் சங்கடத்தில் எழுதியதுதான் இந்தக் குறிப்பு.

இந்த வகைக்கு மூதாதை என்று அலெக்ஸ் ஆஸ்பார்னைச் சொல்லலாம். அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். 1953இல் வந்த 'அப்ளைட் இமாஜினேஷன்' என்ற நூல் வழியாக பிரெயின்ஸ்டார்மிங் என்ற முறையை உலகெங்கும் பரப்பியவர். குறை சொல்லாதே, கிறுக்குத்தனமான யோசனையையும் வரவேற்பாய், எண்ணிக்கையைக் கூட்டு, பிறர் யோசனைமேல் உன் யோசனையைக் கட்டு: இவைதான் அவருடைய நான்கு விதிகள். இன்றைக்கும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி நடத்தும் மீட்டிங்கெல்லாம் இதன் வாரிசுகள்தான்.

ஐந்தே வருஷத்தில், 1958இல், யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் டெய்லரும் இரு சகாக்களும் இதைச் சோதித்தார்கள். நாலு பேரைக் கூட்டாக உட்காரவைத்து யோசிக்கச் சொன்னார்கள். வேறு நாலு பேரைத் தனித்தனியாக யோசிக்கச் சொல்லி, அவர்களுடைய பட்டியல்களைச் சேர்த்து, திரும்ப வந்தவற்றைக் கழித்து எண்ணினார்கள். தனியாக யோசித்தவர்களே ஜெயித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் ஒரு காரணமும் சொல்லின: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் யோசனை நழுவிவிடும். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மீட்டிங் நிற்கவில்லை. காரணம் எளிது, அது நன்றாக இருக்கிறது. ஏதோ நடந்தமாதிரி இருக்கிறது. இந்த நூல்களும் எனக்கு அதே வேலையைத்தான் செய்தன என்று சந்தேகப்படுகிறேன்.

அப்படியானால் நிஜமாகவே ஒரு மனதைத் தூண்டிவிட்ட புத்தகம் எது? எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி கும்பகோணத்தில் இருக்கிறது.

1903வாக்கில், ராமானுஜனுக்குப் பதினைந்து பதினாறு வயதிருக்கும்போது, ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. கார் பெரிய கணித மேதை இல்லை. லண்டனில் டியூஷன் எடுத்தவர். கேம்பிரிட்ஜின் டிரைபாஸ் பரீட்சைக்குத் தயாராகிறவர்களை மனதில் வைத்து 1880களில் வெளியிட்ட நூல் அது. நம் பாஷையில் சொன்னால் கைடு. ஆயிரக்கணக்கான தேற்றங்களும் சூத்திரங்களும் எண் போட்டு வரிசையாக நிற்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் "இன்ன எண்ணைப் பார்" என்ற அளவில் முடிந்துவிடும்.

பாடப்புத்தகமாகப் பார்த்தால் இது பெரிய குறை. ஆனால் அந்தப் பையனுக்கு ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியாகிவிட்டது. விடை கண்ணெதிரே, வழி மட்டும் காணோம். சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்து, தானே வழி கண்டுபிடித்தார். பிறகு நூலில் இல்லாத வரிகளும் வர ஆரம்பித்தன. அவை நோட்டுப் புத்தகங்களுக்குப் போயின, காரின் பாணியிலேயே, நிரூபணம் இல்லாமல்.

அந்த நோட்டுகளும் மற்றவர்களை அதே போல உலுக்கின. கணிதர் ஜார்ஜ் போல்யா அவற்றின் பிரதியை ஹார்டியிடம் இரவல் வாங்கிப்போய், பதறியடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாராம். கையில் இருந்தால் இவற்றைச் சரிபார்ப்பதிலேயே தன் காலம் போய்விடும், சொந்தமாக எதுவும் செய்யமுடியாது என்ற பயம். அமெரிக்கக் கணிதர் புரூஸ் பெர்ன்ட் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கவில்லை. நோட்டுகளின் ஒவ்வொரு வரிக்கும் நிரூபணம் தேடி, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. காரின் நூலை எத்தனையோ பேர் புரட்டியிருப்பார்கள். அவர்களெல்லாம் ராமானுஜன் ஆனார்களா? இல்லை. புத்தகம் மேதையை உண்டாக்காது. நான் கேட்பது சின்னக் கேள்வி: ஒரு புத்தகம் வாசகனுக்கு வேலை வைக்கிறதா, வைத்த வேலை தப்பானால் தப்பு என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா?

இரண்டாவது பாதி முக்கியம். கிரியேட்டிவிட்டி நூல்களிலும் பயிற்சிகள் இருக்கும். செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்பார்கள். என்ன எழுதினாலும் சரிதான். செங்கல் எழுந்து வந்து மறுக்காது. சூத்திரம் மறுக்கும். ராமானுஜனே இதற்கு உதாரணம். 1913இல் ஹார்டிக்கு அனுப்பியவற்றில் பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் பிழையானவை. கையால் கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய எல்லைக்குள் அவை சரிபோலவே தெரிந்தன. "இல்லை" என்று சொல்ல அங்கே நிரூபணம்தான் தேவைப்பட்டது. அதைக் கார் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆக, விட்டுப்போன இடம் வரமும்தான், ஆபத்தும்தான்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்த அதே போல்யா 1945இல் எழுதிய 'ஹவ் டு சால்வ் இட்' இந்த இரண்டையும் சமன் செய்கிறது. எப்படி யோசிப்பது என்பதுதான் அதன் பொருளும். ஆனால் ஒரு செவ்வகப் பெட்டியின் மூலைவிட்டம் என்ன என்பது போன்ற கணக்கை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சு. அறிவுரையைவிடக் கேள்விகள் அதிகம். விடை வந்த பிறகும் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கச் சொல்கிறது. இந்த வகையில் நான் மனதார மதிக்கும் புத்தகம் இது.

என் தொழிலில் இதற்கு இணை, கெர்னிகனும் ரிச்சியும் 1978இல் எழுதிய சி மொழி நூல். இருநூற்றுச் சொச்சம் பக்கம்தான். பயிற்சிகளுக்கு நூலில் விடை கிடையாது. முதல் அத்தியாயத்திலேயே, ஒரு சி புரோகிராமிலிருந்து கமெண்டுகளை மட்டும் நீக்கு என்று ஒரு பயிற்சி. அரை மணி நேர வேலை என்று காலேஜில் உட்கார்ந்தேன். மேற்கோள் குறிக்குள் வரும் கமெண்ட் அடையாளத்தையும் என் புரோகிராம் தின்றுவிட்டது. மூன்று நாள் ஆனது. "இப்போது எந்த நிலையில் இருக்கிறேன்" என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க வேண்டும் என்று நானே கண்டுபிடித்தபோது, அதற்கு ஒரு கோட்பாடும் பெயரும் ஏற்கெனவே உண்டு என்பது தெரியாது. தெரியாததும் நல்லதே. இன்றுவரை பார்சர் எழுத உட்கார்ந்தால் அந்த மூன்று நாள்தான் கைகொடுக்கிறது.

அந்தப் பையனிடம் மறுநாள் இந்த நூலைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது புரோகிராமிங் புக் ஆச்சே" என்றான். "ஆமாப்பா. முதல் அத்தியாயத்தோட பயிற்சி எல்லாம் போடு. விடையை மட்டும் நெட்ல தேடாத" என்றேன்.

போன வாரம் வந்தான், முகம் கொஞ்சம் சோர்ந்திருந்தது. "மேற்கோள் குறிக்குள்ள கமெண்ட் வந்தா உடையுது சார்" என்றான். விடை நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை.