யார் தேறினார்கள் என்பதற்கு முன், யார் சேர்ந்தார்கள்?

இம்முறை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட நூல் டெபோரா மேயர் எழுதிய 'தி பவர் ஆஃப் தேர் ஐடியாஸ்' (1995). நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் வட்டாரத்தில் 1974-இல் அவர் தொடங்கிய 'சென்ட்ரல் பார்க் ஈஸ்ட்' என்ற சிறிய பள்ளியின் கதை இது. தனியார் பள்ளி இல்லீங்க, அரசுப் பள்ளிதான். பாடம் நடத்தும் முறை மட்டும் மாறுபட்டது.

முதலில், யார் அங்கே படித்தார்கள்? பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்கள். நாம் பி40 குடும்பங்கள் என்கிறோமே, ஏறக்குறைய அந்த நிலை.

அடுத்து, எப்படித் தேறினார்கள்? தொடக்கப்பள்ளியை முடித்த முதல் ஏழு அணியினரை டேவிட் பென்ஸ்மன் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அவர்களில் 85 விழுக்காட்டினர் உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் பெற்றார்கள். மேலும் 11 விழுக்காட்டினர் அதற்கு இணையான தேர்வில் தேறினார்கள். நகரம் முழுவதும் பார்த்தால் அப்போது சுமார் பாதிப் பேர்தான் சான்றிதழ் பெற்றார்கள். மேயரின் உயர்நிலைப்பள்ளி 1985-இல்தான் திறந்தது. ஆகவே இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு பள்ளிகளில் படித்து முடித்தவர்கள். தன் மாணவருக்குத் தானே புள்ளி போட்டுக்கொண்ட கணக்கு இல்லை என்பதால், இதற்கு மதிப்பு கூடுகிறது.

ஆனால் இங்கேதான் ஒரு கேள்வி கேட்கணும். அந்தப் பள்ளி பெற்றோர் விரும்பித் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளி. ஏழைக் குடும்பம் என்றாலும், பள்ளியைத் தேடி வந்து விசாரித்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரும், பக்கத்துப் பள்ளியில் விட்டுவிடும் பெற்றோரும் ஒன்றா? வருமானக் கணக்கில் இருவரும் ஒரே கட்டத்தில்தான் வருவார்கள். வீட்டில் கிடைக்கும் அக்கறை ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே நகரச் சராசரியோடு ஒப்பிடுவது முழு நியாயமாகாது. விண்ணப்பித்து இடம் கிடைக்காத பிள்ளைகள் எப்படித் தேறினார்கள் என்று பார்த்திருந்தால், அது சரியான ஒப்பீடு.

மேயர் இதை மறைக்கவில்லை. பெற்றோரின் தேர்வுரிமையை ஆதரித்துத் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். அந்த உரிமையின் நன்மைகளை விரிவாகப் பேசும் அவர், அதே உரிமை தம் பள்ளியின் புள்ளிவிவரத்தை எவ்வளவு உயர்த்தியிருக்கும் என்பதை அதே அளவுக்கு எடைபோடவில்லை. நூலின் பெரிய குறை இதுதான்.

அப்படியானால் நூலை ஒதுக்கிவிடலாமா? கூடாது. அக்கறையுள்ள பெற்றோர் பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விடலாம். உள்ளே நடப்பது ஆசிரியர் கையில். உயர்நிலைப்பள்ளியில் ஏறத்தாழ 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு. அவருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும், எழுத்தும் தெரியும். படிப்பை முடிக்க 14 பணித்தொகுப்புகள் வேண்டும். அவற்றில் ஏழை ஒரு குழுவின் முன் நின்று விளக்கணும். மனப்பாடம் செய்து தப்பிக்க வழியில்லை. நூலின் உயிர் இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

ஆசிரியர்களே, இந்த வாசிப்பு நமக்கும் வேண்டியதுதான். மலேசியாவில் 150 மாணவருக்கும் குறைவான தமிழ்ப்பள்ளிகள் நிறைய உண்டு. எட்டே பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை தவறினால் தேர்ச்சி விகிதம் 12.5 விழுக்காடு இறங்கும். மறு ஆண்டு எல்லாரும் தேறினால் '100 விழுக்காடு' என்று பதாகை கட்டுவோம். இரண்டுமே பள்ளியின் தரத்தை முழுசாகச் சொல்லாது. சிறிய பள்ளியின் சாதனையைச் சொல்லும்போது எத்தனை பேர், எந்த நிலையில் வந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகளின் உழைப்புக்கு அதுதான் நாம் தரும் மரியாதை.

தேர்வு மாணவர்களே, அந்தப் பள்ளி எல்லாப் பாடத்திலும் ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழக்கியது. சான்று என்ன? இது யாருடைய பார்வை? எதோடு தொடர்புடையது? வேறு மாதிரி நடந்திருந்தால்? இதனால் யாருக்கு என்ன? கருத்து விளக்கக் கட்டுரை எழுதும்போது ஒவ்வொரு பத்தியையும் இந்தக் கேள்விகளால் சோதித்துப் பாருங்க. மேலே இந்த நூலை எடைபோட்டதும் இவற்றைக் கொண்டுதான். 85 என்ற எண் சான்று. நகரச் சராசரி ஒரு தொடர்பு. இடம் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றிக் கேட்டது நான்காவது கேள்வி. நூலாசிரியர் சொல்லிக்கொடுத்த கேள்வியை வைத்தே அவருடைய நூலைச் சோதிக்க முடிகிறது. இந்த நூலை நான் பரிந்துரைக்க அதுவே போதுமான காரணம்.