முகம் காணாக் குறிப்பு: குறிப்பறிதல் அதிகாரமும் முத்துக்குளித் தொழிலும்

முன்னுரை

சொல்லாமல் உணர்த்துதலும் சொல்லாததை உணர்தலும் இன்று ‘உடல்மொழி’ என்னும் பெயரில் பணியிடப் பயிற்சிகளில் கற்பிக்கப்படுகின்றன. இதற்குத் தமிழ் முன்னோடியாகத் திருக்குறளின் ‘குறிப்பறிதல்’ அதிகாரத்தைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு காட்டுவது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையின் முத்துக்குளித் தொழிலோடு ஒப்பிட்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இலக்கியம் காட்டும் குறிப்பு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கிறது. உள்ளத்து உணர்வு உடல்வழி வெளிப்படக் காண்பவர் அதனை அறிகிறார் என்பதே அதன் அடிப்படை. திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பை இருமுறை ஆள்கிறார். பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் அரசவைக்கு உரியது. காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம் காதலர்க்கு உரியது. களம் வேறாயினும் இரண்டிற்கும் பொதுவான கூறுகள் மூன்று உள. குறிப்பு பெரிதும் முகத்திலும் கண்ணிலும் தோன்றுகிறது. அதனைத் தருபவர் தர எண்ணியிருக்க வேண்டுவதில்லை. அறிபவரின் நுட்பமே புகழப்படுகிறது. பளிங்கு தன்னை அடுத்த பொருளைக் காட்டுவது போல முகம் நெஞ்சத்தைக் காட்டும் என்னும் உவமை இம்மூன்றையும் ஒருங்கே உணர்த்துகிறது.

கயிற்றின் மொழி

மன்னார் வளைகுடாவின் முத்துச்சலாபத்தில் குளியாள் கல்லில் கால் வைத்து 5 முதல் 10 பாகம் ஆழத்திற்கு இறங்குவார். அவர் தரையைத் தொட்டதும் கல் மேலே இழுக்கப்படும். ஏறத்தாழ ஒரு நிமிட அளவிற்குள் சிப்பிகளைக் கூடையில் சேர்த்து, மூச்சு முடியும் தறுவாயில் கயிற்றை வெட்டி இழுப்பார். தோணியில் நிற்பவர் உடனே மேலே தூக்க வேண்டும். தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோன இத்தொழிலின் உயிர்நாடி இந்த ஓர் இழுப்பே.

இங்கு முகம் இல்லை, கண்ணும் இல்லை. குறிப்பு தற்செயலாகக் கசிவதன்று. இருவரும் முன்னரே உடன்பட்டு வைத்த ஒன்று. அதற்குப் பல பொருள் இல்லை. மேலும், இழுப்பு வராமற்போவதும் ஒரு செய்தியே. வழக்கமான நேரம் கடந்தும் கயிறு அசையவில்லையெனில் அந்த அமைதியைப் படிக்க வேண்டியவர் மேலே இருப்பவர். கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானாகிய மைத்துனன் கையில் கொடுப்பர் என்னும் வாய்வழிச் செய்தி தமிழகத்தில் பரவலாக வழங்குகிறது. தன் உடன்பிறந்தாள் தாலி இழக்க அவன் மனம் ஒப்பான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். செய்தியின் வரலாற்று உண்மை எதுவாயினும், குறிப்பறிதலுக்கு நுட்பம் மட்டும் போதாது, பொறுப்பும் வேண்டும் என்னும் தொழில் அறிவு அதில் தெளிவாக உள்ளது.

முகத்தை மறைக்கும் குறிப்பு

கரையேறிய முத்தின் விலைபேச்சிலும் முகம் விலக்கப்பட்டது. வணிகர் துணிக்கு அடியில் கைபிடித்து விலை பேசினர். 17ஆம் நூற்றாண்டுப் பயணி தவேர்னியே இந்திய வைர வணிகரிடம் கண்ட இத்தகைய முறையை விவரித்துள்ளார்: முழுக்கை 1000, ஐந்து விரல் 500, ஒரு விரல் 100, பாதி விரல் 50, விரல் நுனி 10. சுற்றியிருப்போர் அறியாதிருக்க வாயும் கண்ணும் அடங்கியிருந்தன. முகம் நெஞ்சைக் காட்டிவிடும் என்னும் குறளின் கருத்தை இவ்வணிகர் மறுக்கவில்லை. அதனை நன்கறிந்தே முகத்தைப் பேரத்திலிருந்து நீக்கினர்.

மதிப்பீடு

71ஆம் அதிகாரம் ‘மன்னரைச் சேர்ந்தொழுதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்து வருகிறது. ஆகவே அங்குக் கீழிருப்பவரே மேலிருப்பவரின் மனத்தைப் படிக்கிறார். அரசவைக்கு அது பொருத்தமே. ஆனால் இன்றைய பயிற்சியாளர் அதனை அப்படியே தொழிற்கூடத்திற்கு மாற்றும்போது, மேலதிகாரியின் முகம் பார்த்து நடத்தலே தொடர்புத்திறன் என்றாகிவிடுகிறது. முத்துக்குளித்தல் இத்திசையைத் தலைகீழாக்குகிறது. பாதுகாப்பாக மேலே நிற்பவர், பேச இயலாது கீழே இருப்பவரைப் படிக்கக் கடமைப்பட்டவர்.

இவ்வறம் பழந்தொழிலோடு முடிந்துவிடவில்லை. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகத்தைப் போன்ற பணியிடங்களில் கிரேன் ஓட்டுநர் ஒரே சைகையாளரின் கைக்குறிப்பையே பின்பற்றுவார். ஆனால் ‘நிறுத்து’ என்னும் குறிப்பை எவர் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும் என்பது பாரந்தூக்கும் பணியின் பொதுவிதி. கடைநிலைத் தொழிலாளியின் உயர்த்திய கைக்கும் அங்கு ஆணையின் வலிமை உண்டு.

முடிவுரை

குறிப்பறிதல் அதிகாரத்தில் குறையில்லை. அதன் களத்தை மறந்து மேற்கோள் காட்டுவதிலேயே குறை உள்ளது. தானே வெளிப்படும் குறிப்பையும் உடன்பட்டு வைத்த குறிப்பையும் வேறுபடுத்த வேண்டும். யார் யாரைப் படிக்கக் கடமைப்பட்டவர் என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டால்தான் பணியிட உடல்மொழி பற்றிய தமிழாய்வு முழுமை பெறும். அவ்வினாவிற்கான விடையைக் கடற்கரைத் தொழிலாளர் ஏட்டில் எழுதவில்லை. கயிற்றைப் பிடித்த கையில் காத்து வந்தனர்.