பிராக் நகரக் கடிகாரத்தின் மர அப்போஸ்தலர்

செக் நாட்டுத் தலைநகராகிய பிராக்கின் பழைய நகர மன்றச் சுவரில் 1410-இல் அமைக்கப்பட்ட வானியல் கடிகாரத்தைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் அதன் பொறிநுட்பத்தையே வியந்து நிற்கின்றனர். வியப்புக்குரியதே. அதன் வெளிவளையம், ஆதியாகமத்தின் நாளைப் போன்று, சூரியன் மறையும் வேளையிலிருந்து 24 மணியை எண்ணுகிறது. மற்றொரு கணக்கோ, பகல் நீண்டதாயினும் குறுகியதாயினும் அதனைப் பன்னிரண்டாகவே பகுக்கிறது. திராட்சத்தோட்ட உவமையின் பதினோராம் மணி எத்துணைப் பிந்திய வேளை என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் ஏற்ற கருவி இல்லை. ஆயினும் நாம் ஈண்டு ஆராய விழைவது, மேலுள்ள இரு சாளரங்களில் மணிதோறும் தோன்றி மறையும் மரச்சிற்பங்களையே.

1945 மே மாதத்தில், போரின் இறுதி நாள்களில், ஜெர்மானியர் தாக்குதலால் மன்றம் தீப்பற்றியபோது பழைய அப்போஸ்தலர் உருவங்கள் எரிந்தன. இன்றுள்ளவை வொய்த்யெக் சுகர்தா (1884–1968) செதுக்கியவை. 1948-இல் கடிகாரம் மீண்டும் இயங்கலாயிற்று. சுகர்தா பேராலயச் சிற்பி. பாவைக்கூத்து அரங்கொன்றை நிறுவியவரும் ஆவார். இங்கு அவருக்குக் கைகொடுத்தது இரண்டாவது தொழிலே என்பது நம் கருத்து. சதுக்கத்தில் அண்ணாந்து நிற்போர் ஒவ்வோர் உருவையும் சில நொடிகளே காண்பர். ஆதலின் அந்திரேயாவுக்குச் சிலுவை, சீமோனுக்கு இரம்பம், மத்தியாவுக்குக் கோடரி என அடையாளங்களே பேசுகின்றன. தோமாவின் கையில் ஈட்டி; மயிலாப்பூர் மரபை அறிந்த நமக்கு அதன் விளக்கம் வேண்டுவதில்லை. பன்னிருவரில் பவுலும் பர்னபாவும் இடம்பெறுதல் கருதத்தக்கது. சுவிசேஷப் பட்டியல்களில் இவர்கள் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 14-ஆம் அதிகாரமோ இருவரையும் அப்பெயராலேயே அழைக்கிறது.

மணியின் கயிற்றை இழுப்பது மரணத்தின் எலும்புக்கூடு. அருகிலுள்ள உலோபியும், கண்ணாடி நோக்கும் செருக்கனும், துருக்கனும் தலையசைத்து மறுக்கின்றனர். நிலையாமையே இக்காட்சியின் பொருள் என்பர். அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. அப்போஸ்தலர் கடந்தபின் சேவல் கூவுகிறது. பேதுருவைக் கொண்ட ஊர்வலம் சேவலின் குரலோடு முடிவது, அமைத்தவர் கருதினாரோ இல்லையோ, மறுதலித்தவன் மீண்டும் ஊழியத்துக்கு அழைக்கப்பட்டதை நினைப்பூட்டுகிறது. மரணம் தொடங்கிவைக்கிறது, முடித்துவைப்பது அதுவன்று.

ஆயினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. அவ்வுலோபி போருக்கு முன்னர் யூத வட்டிக்காரனாகவே காட்டப்பட்டிருந்தான். அதன்பின் அவன் தாடி நீக்கப்பட்டது. யூதர் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்ட பின்னரே இத்திருத்தம் வந்தது! மேலே ஊர்வலம் வரும் பேதுருவும் யோவானும் பவுலும் யூதரே. கீழே அவர்தம் இனத்தான் பேராசையின் சின்னம். இம்முரண் கிறிஸ்தவக் கண்களை நெடுங்காலம் உறுத்தவில்லை என்பதை வேதபாட வகுப்புகளில் கூறாது விடலாகாது. துருக்கனோ இன்றும் அவ்வாறே நிற்கிறான். ஓர் இனத்தின் உடையைத் தீமைக்கு உடுத்தும் வழக்கம் பாதியே திருத்தப்பட்டது.

சுகர்தாவின் உள்ளம் பிற்காலத்தே வெளிப்பட்டது. 2018-இல் நிறைவுற்ற பழுதுபார்ப்பின்போது தோமாவின் உருவுக்குள் ஓர் உலோகப் பெட்டி கிடைத்தது. அதனுள் அவர் எழுதி வைத்த மடல். கடிகாரத்தைக் குறித்துத் தாம் வகுத்த பெருந்திட்டங்கள் கைகூடாமையை அதில் எழுதியிருந்தார். சந்தேகித்தவர் என்று நாம் பெயரிட்ட அப்போஸ்தலரே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அம்மடலைச் சுமந்து, மணிதோறும் சாளரத்தைக் கடந்திருக்கிறார்.