நைஸ் என்றொரு பாராட்டு

ஆங்கிலத்தில் பாராட்டுச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல்யாணத்துக்குக் குலம் கோத்திரம் விசாரிப்பதுபோல அவற்றின் பூர்வீகத்தை விசாரிக்கத் தொடங்கினால், பல சம்பந்தங்கள் முறிந்து போகும். 'டெரிஃபிக்' பயங்கரத்தின் வாரிசு. 1667-ல் வெளிவந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் மில்டன் அதைப் பாம்பின் பிடரிமயிருக்கு அடைமொழியாக்கினார். 'ஃபாபுலஸ்' கட்டுக்கதைக்கு உரியது. 'ப்ரெட்டி' என்று குழந்தையைக் கொஞ்சுகிறார்களே, அது பழைய ஆங்கிலத்தில் தந்திரக்காரனுக்கு வழங்கிய சொல்.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது 'நைஸ்'. அறியாதவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது அதற்கு மடையன் என்றே அர்த்தம். பிறகு நாசூக்கு, நுட்பம் என்று மெல்ல மெல்ல அந்தஸ்து ஏறி, 18-ம் நூற்றாண்டில் 'இனியது' ஆகிவிட்டது.

இந்தச் சொல்லை ஜேன் ஆஸ்டின் அம்மையார் ஒரு நாவலுக்குள்ளேயே கூண்டில் ஏற்றியிருக்கிறார். அவர் காலமானபின், 1817-ம் வருஷக் கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி'தான் அது. பாத் நகருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் உலாவப் போகும்போது, ஆன் ராட்க்ளிஃப் எழுதிய 'உடால்ஃபோ' நாவலை உலகத்திலேயே நைஸான புத்தகம் என்று மெச்சுகிறாள் காதரைன். ஹென்றி டில்னி விடுவானா? அது பைண்டு வேலையைப் பொறுத்தது என்கிறான்! எந்தப் பொருளைப் பாராட்டவும் இந்த ஒரே சொல்தானா என்று கேலி செய்துவிட்டு, ஆதியில் அதற்கு நேர்த்தி, நாசூக்கு என்றே பொருள் என்று பாடமும் நடத்துகிறான்.

இங்கேதான் எனக்கும் அவனுக்கும் தகராறு. அவன் ஆதி என்று நினைத்தது நடுவழி. 14-ம் நூற்றாண்டு வரை போயிருந்தால் அங்கே மடையனைச் சந்தித்திருப்பான். அகராதியைத் தூக்கிக்கொண்டு ரசனையைத் திருத்தப் புறப்படும் விமர்சகர்களுக்கு இந்தக் கதி புதிதல்ல. நல்ல வேளையாக, அவன் சகோதரி எலினர் அதே சொல்லை அவன் மேலேயே திருப்பி எறிகிறாள்.

சொற்கள் பொருள் மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. நம்முடைய 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணமாக இருந்ததுதானே? காதரைன் மேல் என் புகார் வேறு. 'உடால்ஃபோ'வில் ஒரு கறுப்புத் திரை வருகிறது. அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் தவியாய்த் தவிக்கிறாள். யாரும் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது என்றும் கெஞ்சுகிறாள். அந்தத் தவிப்பை அப்படியே சொல்லியிருந்தால் ஹென்றி வாயடைத்துப் போயிருப்பான். அதை விட்டுவிட்டு 'நைஸ்' என்கிறாள்!

ஹென்றி இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். அவன் அந்த நாவலை ஒரு வார்த்தையில் மெச்சி முடிக்கவில்லை. இரண்டே நாளில், மயிர்க்கூச்செறியப் படித்து முடித்தானாம். சகோதரிக்கு உரக்க வாசித்துக் கொண்டிருந்தவன், யாருக்கோ பதில் எழுத அவள் ஐந்து நிமிஷம் எழுந்து போனதற்குள், காத்திருக்கப் பொறுக்காமல் புத்தகத்தோடு தோட்டத்துக்கு ஓடிவிட்டான். அவன் முடிக்கும்வரை அவள் காத்துக் கிடந்தாள். நாவல் எழுதுகிற எனக்கு வேண்டியவன் அந்தத் திருடன்தான்.