மைக்கண்ணியும் நம் விமர்சகர்களின் தராசும்

பாமாவைப் பற்றிப் பேச வந்தாலே விமர்சகர்கள் ஒரு தராசோடுதான் வருகிறார்கள். ஒரு தட்டில் அரசியல், மறு தட்டில் கலை. அரசியல் தட்டு கனத்துப் போச்சாம். ஆகவே 'கருக்கு' வெறும் ஆவணமாம். ஆதிக்க சாதி எழுத்தாளன் தன் வீட்டு முற்றத்தை எழுதினால் கலை, நாம் நம் தெருவை எழுதினால் ஆவணம்! இதைவிட எனக்கு உறுத்துவது, நம் தோழர்களே சிலர் 'இப்போதைக்குச் சாட்சியம் போதும், கலையெல்லாம் அப்புறம்' என்று அதே தராசைத் தூக்குவதுதான்.

பாமா விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டிக்காரர். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதியைக் கண்டு வெளியேறியவர். 1992இல் 'கருக்கு', 1994இல் 'சங்கதி'. வட்டார வழக்கு முன்பும் உண்டு. ஆனால் பெரும்பாலும் கதைமாந்தர் பேசினால் வழக்கு, ஆசிரியர் பேசினால் எழுத்துத் தமிழ். சொல்பவர் மேலே, சொல்லப்படுபவர் கீழே. ஊரும் சேரியும் மாதிரி. பாமா அந்த எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டார். கதை சொல்கிறவளும் தெருக்காரிகளின் பேச்சில்தான் பேசுகிறாள். இது நடையா, அரசியலா? எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல.

'சங்கதி'யில் மைக்கண்ணி வருகிறாள். விளையாடும் வயசில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய், வீட்டில் தம்பி தங்கச்சிகளையும் சுமக்கிற பிள்ளை. 1923இல் தீப்பெட்டித் தொழில் காலூன்றிய சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று கொண்டாடியவர்கள் உண்டு. விடியுமுன்னே வண்டி வந்து அள்ளிப்போன பிள்ளைகள் அந்தப் புகழில் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986. அதற்கு எட்டு வருஷம் கழித்துத்தான் மைக்கண்ணி அச்சேறுகிறாள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996இல்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு மாலை வகுப்பில் இந்தப் பகுதியை வாசித்தேன். கேட்டவர்கள் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் வேலை பார்த்துவிட்டு வந்த பெண்கள். யாரும் அழல. நான் எந்த வயசுல கட்டை அடுக்கப் போனேன், நீ எப்பப் பெட்டி ஒட்டப் போனே என்று ஆளாளுக்குக் கணக்குச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. வாசிப்பு அத்தோடு நின்னுபோச்சு. 'சங்கதி'யின் வடிவமே இதுதானே? ஒற்றை நாயகி கிடையாது. ஒருத்தி சொல்ல இன்னொருத்தி எடுத்துக் கொடுக்கிறாள். 'இது நாவலே இல்லை' என்றவர்கள் நாலு பெண்கள் கூடிப் பேசுகிற இடத்தில் உட்கார்ந்ததில்லை போலும்.

மாரியம்மா கதை இன்னும் கடினம். நிலக்காரன் அத்துமீறுகிறான், தப்பித்தவள் மேலேயே பழி. அபராதம் போடுவது யார்? நம்ம ஆம்பளைங்க உட்கார்ந்திருக்கிற பஞ்சாயத்து. எதிரியைத் திட்டுவது சுலபம். சொந்தத் தெருவின் நாட்டாமையைக் கூண்டில் ஏற்றுவதற்குத் தனித் துணிச்சல் வேணும். பெண் விடுதலையைக் கடைசிப் பக்கத்தில் வைக்கிற நம் இயக்கங்கள் இந்தப் பகுதியை வசதியாகத் தாண்டிப் போய்விட்டன.

குறை இல்லாமல் இல்லை. 'சங்கதி'யின் பின்பகுதியில் படித்த கதைசொல்லி குறுக்கே வந்து விளக்கவுரை தருகிறாள். மாரியம்மாவே காட்டிவிட்டதை மறுபடி சொல்ல என்ன தேவை? அரசியல் கூடிப்போனதால் வந்த தளர்ச்சி இல்லை இது. அந்த இடங்களில் பாமா தன் பெண்களின் பேச்சை நம்பாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

தில்லிப் பல்கலைக்கழகம் 2021இல் 'சங்கதி'யைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. வெறும் ஆவணத்துக்கா இந்தப் பயம்?

புதுசாக எழுத வருகிறவர்கள் மாரியம்மா பஞ்சாயத்திலிருந்து படிக்கத் தொடங்கலாம். யார் பேசுகிறார்கள், யாரைப் பேசவிடவில்லை என்று பென்சிலால் குறித்துக்கொண்டே.