செய்யுள் செய்யக் கற்றலும் செய்யுளைப் படிக்கக் கற்றலும்: திருச்சிராப்பள்ளியை முன்வைத்து ஆங்கில இலக்கியக் கல்வியில் படைப்பெழுத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக ஆங்கில இலக்கியக் கல்வியில் படைப்பெழுத்து அண்மைக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு கூடுதல் தாள் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. திருச்சிராப்பள்ளியோடு தொடர்புடைய மூவரான ஆயர் ரெஜினால்டு ஹீபர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வ.வே.சு. ஐயர் ஆகியோரின் கல்வியையும் எழுத்தையும் கொண்டு இவ்வெண்ணத்தை இக்கட்டுரை மறுக்கிறது. எழுதிப் பழகுதல் இலக்கியக் கல்வியின் பழைய பாதி என்பதும், அதன் முதன்மைப் பயன் நுண்ணிய வாசிப்பே என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: படைப்பெழுத்து, ஆங்கில இலக்கியக் கல்வி, செய்யுட் பயிற்சி, தழுவல், புத்தூர், திருச்சிராப்பள்ளி.

பெயரில் வாழும் கவிஞர்

திருச்சிராப்பள்ளிப் புத்தூரில் 1966இல் தொடங்கப்பெற்ற பிஷப் ஹீபர் கல்லூரி, கல்கத்தா ஆயராக இருந்து 1826 ஏப்ரல் 3ஆம் நாள் இந்நகரில் குளிக்கும்போது உயிர்நீத்த ரெஜினால்டு ஹீபரின் பெயரைத் தாங்கியது. நகரின் தூய யோவான் ஆலயத்தில் அவரது கல்லறை உள்ளது. சமயப் பணியாளராகவே அவர் நினைக்கப்படுகிறார். அவர் கவிஞர் என்பதும், கவிதை எழுதும் பயிற்சியைப் பல்கலைக்கழகத்தில் பெற்றவர் என்பதும் இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டிய செய்திகள்.

ஹீபர் ஆக்சுபோர்டில் பயின்ற காலத்தில் ஆங்கில இலக்கியம் அங்கு ஒரு பட்டப்படிப்பாக இல்லை. அது தனித்துறையானது 1890களில்தான். ஆனால் செய்யுள் இயற்றுதல் அதற்கு முன்பே இருந்தது. இலத்தீன் செய்யுளுக்கான பரிசை 1800இல் பெற்ற ஹீபர், 1803இல் 'பாலஸ்தீனம்' என்னும் நெடும்பாடலுக்காக ஆங்கிலச் செய்யுட் பரிசையும் பெற்றார். தலைப்பு கொடுக்கப்படும், மாணவர் எழுதுவர், மதிப்பிடப்படும். அதாவது, ஆங்கில இலக்கியத்தைப் படிப்பது பாடமாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே அதை எழுதுவது அங்குப் பயிற்சியாக இருந்துள்ளது. அயோவாவில் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையையும், கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் 1970இல் தொடங்கிய முதுகலைப் படிப்பையும் இத்துறையின் தோற்றுவாயாகக் காட்டும் வழக்கம் இந்த முன்வரலாற்றை மறைத்துவிடுகிறது.

'பாலஸ்தீனம்' எழுதப்பட்ட முறை குறித்து ஒரு செய்தி நிலைத்துள்ளது. ஆக்சுபோர்டுக்கு வந்திருந்த வால்டர் ஸ்காட், காலை உணவின்போது அப்பாடலைக் கேட்டார். சாலமோனின் ஆலயம் கருவிகளின் ஓசையின்றி எழுப்பப்பட்டது என்னும் விவிலியச் செய்தி அதில் விடுபட்டிருப்பதைச் சுட்டினார். ஹீபர் சற்று ஒதுங்கிச் சென்று, அவையினர் பிரிவதற்குள் அவ்வடிகளை எழுதிச் சேர்த்தார். அப்பாடலில் பிற்காலத்தார் மிகுதியும் எடுத்துக்காட்டிய பகுதி அதுவே. ஒரு வாசகர் குறையைச் சுட்டுவதும், எழுதியவர் உடனே திருத்துவதும், திருத்தமே பாடலின் உயிரிடமாக அமைவதும் இன்றைய பட்டறை வகுப்பு செய்ய முயல்வதன் முழு வடிவமே.

ஆயினும் பரிசுப் பாடலை மிகையாகப் போற்ற வேண்டியதில்லை. ஈரடிச் செய்யுள்களாகச் செம்மையுற நடக்கும் அப்பாடல் இன்று ஆய்வாளர்க்கே உரியது. ஹோட்னெட் ஊரின் பங்குக் குருவாக இருந்தபோது வழிபாட்டில் பாடுவதற்கென ஹீபர் எழுதிய பாடல்களோ இன்றும் பாடப்படுகின்றன. பயிற்சிக்கு எழுதியது மறக்கப்பட்டதும், பயன்பாட்டுக்கு எழுதியது நின்றதும் பயிற்சி வீண் என்பதைக் காட்டா. யாப்பில் பழகிய கையே எளிய வழிபாட்டுப் பாடலையும் எழுதியது.

திரிசிரபுரத்துச் செய்யுட் கல்வி

ஹீபர் இந்நகரில் மறைந்தபோது, அருகிலுள்ள அதவத்தூரில் 1815இல் பிறந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு வயது ஏறத்தாழப் பதினொன்று. இருவரையும் வலிந்து தொடர்புபடுத்த வேண்டியதில்லை. ஒரே வட்டாரத்தில் இரு வேறு மரபுகள் எழுதிப் பழகுதலைக் கல்வியின் நடுவில் வைத்திருந்தன என்பதே இங்கு வேண்டுவது.

பிள்ளையின் கல்வியைப் பற்றி உ.வே. சாமிநாதையர் தாம் எழுதிய சரித்திரத்தில் தரும் செய்திகளுள் ஒன்று பலரும் அறிந்தது. தண்டியலங்காரம் கற்ற பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளித் தெருக்களில் பிச்சையெடுத்து வாழ்ந்தார். பிள்ளை அவரைப் பின்தொடர்ந்து, அவர் மனம் கோணாமல் நடந்து, அந்நூலைப் பாடம் கேட்டார். இது ஆசிரிய பக்தியை விளக்கும் கதையாகவே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் செய்யுள் செய்பவருக்கு அணியிலக்கணம் ஒரு கைக்கருவி. அது இல்லாமல் தொழில் நடவாது. 'உவமை வகைகளை விளக்குக' என்னும் வினாவுக்கு விடை எழுத அவர் தண்டியைத் தேடவில்லை. உறையூர்ப் புராணம், திரிசிராமலை யமக அந்தாதி முதலியவற்றைச் செய்யும் கைக்கு அது தேவைப்பட்டது.

1871இல் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த சாமிநாதையர், ஆசிரியர் செய்யுள்களை மனத்திலேயே அமைத்துச் சொல்லிவர ஏட்டில் எழுதியதை விரித்துரைக்கிறார். மாணவர் முடிந்த நூலை மட்டும் காணவில்லை. நூல் உருவாவதையும் கண்டார். ஒரு சொல் ஏன் விலக்கப்பட்டது, வேறொன்று ஏன் அமர்ந்தது என்பதை நேரில் அறிந்தார். பிள்ளையின் தலபுராணங்கள் நாட்டுச் சிறப்பு, நகரச் சிறப்பு என வகுத்த வழியே செல்பவை என்னும் குறை நியாயமானதே. ஆனால் அப்பயிற்சியின் பெரும் விளைவு தலபுராணங்களில் இல்லை. 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்பில் உள்ளது. சிதைந்த ஏடுகளில் சீர் குறைந்த இடத்தையும் எதுகை பிறழ்ந்த இடத்தையும் கண்டுகொள்ளும் செவி, செய்யுள் செய்து பழகிய சூழலில் கூர்மையுற்றது எனக் கருத இடமுண்டு. தமிழின் ஆகச்சிறந்த செய்யுட் பட்டறையிலிருந்து வெளிவந்தவர் பெருங்கவிஞர் அல்லர், பெரும் வாசகர். படைப்பெழுத்துத் தாளைப் பற்றி எழும் 'எத்தனை எழுத்தாளர்களை உருவாக்கினீர்கள்?' என்னும் கேள்வி ஏன் பொருந்தாதது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

படித்துறையும் அரசமரமும்

ஆங்கிலேயர் இந்தியாவில் நிறுவிய கல்வி, ஆக்சுபோர்டின் இரு பாதிகளில் ஒன்றை மட்டும் இங்கு வலுவாக வேரூன்றச் செய்தது. ஆங்கில நூல்கள் படிக்கப்பட்டன, மனப்பாடம் செய்யப்பட்டன, இடஞ்சுட்டிப் பொருள் விளக்கப்பட்டன. ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தில் பாடமாக நிலைபெறும் முன்பே இந்தியாவில் ஆட்சியின் கருவியாகப் பாடமாகியது என்று கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட நூலில் காட்டியுள்ளார். அவ்வாறு பாடமான இலக்கியம் வியந்து பார்க்கவேண்டிய பொருளாக இருந்தது. தொட்டுப் பழகவேண்டிய பொருளாக இல்லை.

எனினும் சிலர் தாமாகவே தொட்டனர். திருச்சிராப்பள்ளி வரகனேரியில் 1881இல் பிறந்து, இந்நகரின் தூய வளனார் கல்லூரியில் பயின்ற வ.வே.சு. ஐயர், ஹோமரையும் வர்ஜிலையும் மில்டனையும் கம்பனோடு ஒருங்கே வைத்துப் படித்தவர். 1915இல் 'விவேகபோதினி'யில் வெளிவந்த அவரது 'குளத்தங்கரை அரசமரம்', தாகூரின் படித்துறை கதைசொல்லும் வங்கச் சிறுகதையின் தழுவல் என்னும் கருத்து நெடுநாளாக விவாதிக்கப்படுகிறது. இவ்விவாதம் பெரும்பாலும் குற்றச்சாட்டு, மறுப்பு என்னும் வடிவிலேயே நடக்கிறது. பயிற்சி என்னும் நோக்கில் இரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்தால் வேறொன்று புலப்படும்.

இரண்டிலும் நீர்நிலை அருகே அசையாது நிற்கும் ஒன்று கதை சொல்கிறது. இரண்டிலும் ஓர் இளம்பெண் நீரில் மூழ்குகிறாள். இரண்டிலும் துறவி ஒருவர் உண்டு. தாகூரில் துறவி கதைக்குள் வரும்போதே துறவி. விதவையான குசுமின் மனம் அவர்பால் செல்வதே துயரத்தின் ஊற்று. ஐயரிலோ நாகராஜன் இறுதியில்தான் துறவியாகிறான். துறவு இங்குக் காரணமன்று, விளைவு. துயரத்தின் ஊற்று பணம். 1906இல் சென்னை ஆர்பத்நாட் வங்கி வீழ்ந்ததில் ருக்மிணியின் தந்தை காமேசுவரையர் செல்வத்தை இழக்க, அவளை ஒதுக்கி வேறு திருமணத்துக்கு மாமியார் வீட்டார் முனைகின்றனர். இரவல் வாங்கிய கதைசொல்லிக்குள் தென்னிந்திய நடுத்தர வர்க்கம் அறிந்த வங்கி முறிவு ஒன்றை ஐயர் வைத்துவிட்டார். உத்தி இரவல், காரணகாரியம் சொந்தம். எதை எடுத்தார், எதை மாற்றினார் என்று பார்ப்பதே மாணவர்க்குப் பயன் தரும். தழுவலா, மூலமா என்னும் தீர்ப்பு அத்துணைப் பயன் தராது.

(இந்நகரின் கல்லூரிகளிலிருந்து வெளிவந்து மிகப் பரந்த வாசகர் கூட்டத்தைப் பெற்ற உரைநடையாளரான சுஜாதா, தூய வளனார் கல்லூரியில் படித்தது இயற்பியல். இலக்கியத் துறைகள் இதைச் சிறிது மனவருத்தத்தோடு நினைத்துப் பார்க்கலாம்.)

திறன் மேம்பாட்டுத் தாள்

2015இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விருப்பத்தேர்வுப் பாடத்திட்ட மாதிரியில், ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்புக்குப் படைப்பெழுத்து ஒரு திறன் மேம்பாட்டுப் பாடமாக இடம்பெற்றது. வணிகத் தொடர்பியல் அதே பட்டியலில் இருந்தது. இவ்வைப்புமுறை ஒரு மதிப்பீட்டைச் சொல்கிறது: படிப்பது இலக்கியம், எழுதுவது வேலைவாய்ப்புத் திறன். ஷேக்ஸ்பியர் தாளும் படைப்பெழுத்துத் தாளும் ஒன்றையொன்று அறியாமலே நடத்தப்பட இது வழிவகுக்கிறது. பதினான்கடிப் பாடல் ஒன்றை எழுதிப் பார்த்துத் தோற்ற மாணவருக்கு, ஒன்பதாம் அடியில் ஷேக்ஸ்பியர் செய்யும் திருப்பம் குறிப்புநூல் சொல்லித் தெரிய வேண்டிய செய்தியாக இராது.

தேர்வுமுறை இதனினும் பெரிய தடை. மூன்று மணிநேரத் தேர்வில் 'மழை பற்றி ஒரு கவிதை எழுதுக' என்னும் வினா முதல் வரைவை மட்டுமே அளக்கும். ஹீபர் ஒதுங்கிச் சென்று எழுதிய அடிகளுக்கு அத்தேர்வில் இடமில்லை; அவருடைய முதல் வரைவுக்கே மதிப்பெண் கிடைத்திருக்கும். முதல் வரைவு, பிறர் சுட்டிய குறை, திருந்திய வரைவு, திருத்தத்துக்கான காரணம் ஆகியவற்றை அகமதிப்பீட்டில் சேர்த்துவைப்பது தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு எட்டாத செயலன்று.

மொழிச்சிக்கல் எஞ்சுகிறது. புத்தூரிலோ திருவரங்கத்திலோ வளர்ந்த மாணவரின் பாட்டியும் தெருவும் வசையும் தாலாட்டும் தமிழில் இருக்க, தாள் ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறது. விளைவு பல நேரங்களில் பாடநூலிலிருந்து இறங்கிய டாஃபோடில் மலர்கள். தமிழ்த் துறையின் படைப்பிலக்கியத் தாளும் ஆங்கிலத் துறையின் படைப்பெழுத்துத் தாளும் ஒரே வளாகத்தில் வெவ்வேறு மாடிகளில் நடக்கின்றன. ஐயர் செய்தது இவ்விரு மாடிகளுக்கும் இடைப்பட்ட படிக்கட்டில் நின்று செய்த வேலை. வேற்றுமொழிக் கதை ஒன்றின் உத்தியை எடுத்துத் தமிழில் ஒன்று எழுதி, அதையே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொல்லும் பயிற்சி இரு துறைகளுக்கும் பொதுவாக அமையலாம். மொழிபெயர்க்கும்போது எச்சொல் வர மறுக்கிறதோ, அச்சொல்லில்தான் அம்மாணவருக்கு எழுதுவதற்குரிய செய்தி இருக்கக்கூடும். அச்சொல்லைக் கண்டறிந்து சொல்ல இரு மொழிகளிலும் செவியுள்ள ஆசிரியர் தேவை. துறைகளின் பணியமர்த்தலில் அத்தகுதி எங்கும் கேட்கப்படுவதில்லை.